தண்ணியில்லாக் காட்டில் மழையின் வருகைப் பதிவேடு

அரசு ஊழியர் ஒருவரைப் பயமுறுத்தத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஒரே ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்து வருகிறது: ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்.’ எந்தக் காடு என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு அப்பாவியான ஊழியர் இதுவரை பணியில் சேர்ந்ததில்லை. திரைப்படத்து அமைச்சரும் நிஜ மேலதிகாரியும் சொல்வது ராமநாதபுரம் சீமையைத்தான். தாசில்தார், காவல் ஆய்வாளர், வாத்தியார், மின்வாரியப் பொறியாளர் என்று இப்படி வந்து சேர்ந்தவர்களைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் முன்பே அதே தண்டனையில் இங்கே அனுப்பப்பட்டு, இன்றுவரை மாறுதல் கிடைக்காமல், மனமில்லாமல் வேலை பார்த்துவரும் ஒருவரை ஆய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பெயர் மழை. இந்த மாவட்டத்தில் வறட்சியும் உண்டு, மழை விடுமுறையும் உண்டு, சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே பருவத்தில் உண்டு. இந்த முரணை வானிலை நூல்கள் காற்றழுத்தம், ஈரப்பதம், மேலடுக்குச் சுழற்சி என்று சுற்றி வளைத்து விளக்குகின்றன. அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. மழையை ஓர் அரசு ஊழியராக எடுத்துக்கொண்டால் போதும், எல்லாம் தெளிந்துவிடும். குறிப்பாக, மாவட்ட ஆட்சியர் மழைக்காக விடுமுறை அறிவிக்கும்போது அந்த உத்தரவு தனக்கும் சேர்த்துத்தான் என்று மழை எடுத்துக்கொள்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்து.

இக்கருத்து முற்றிலும் புதியது என்று உரிமை கோர முடியாது. பரமக்குடியிலிருந்து பாம்பன் வரை எந்தத் தேநீர்க்கடையிலும் இதன் கரு வாய்மொழியாகக் கிடைக்கும். ‘என்னண்ணே, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுட்டாங்களாமே?’ ‘ஆமாப்பா, கனமழையாம்.’ ‘மழையைக் காணோமே?’ ‘அதுக்கும் சேத்துத்தாம்பா லீவு.’ இந்த நான்கு வரி உரையாடலில் உள்ள கோட்பாட்டு ஆழத்தை இதுவரை எவரும் தோண்டிப் பார்க்கவில்லை. தோண்டிய இடத்தில் தண்ணீர் வராது என்ற பழக்க தோஷம் காரணமாக இருக்கலாம். தமிழர்கள் மழையைக் கேலி பேசும் முறையே கவனிக்கத்தக்கது. என்றும் வராதவன் ஒருநாள் நேரத்துக்கு வந்துவிட்டால் ‘இன்னைக்கு மழைதான் வரப் போகுது’ என்கிறோம். சிறுவயதில் பச்சரிசியை அள்ளித் தின்றவருடைய கல்யாணத்தன்று மழை கொட்டும் என்கிறோம். உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், உமி விற்கப் போனால் காற்றடிக்கும் என்கிறோம். இந்த மூன்று வழக்கிலும் மழை இயற்கை நிகழ்வாகப் பேசப்படுவதில்லை. ஆள் பார்த்து, நாள் பார்த்து, வேண்டுமென்றே செய்யும் ஒருவராகத்தான் பேசப்படுகிறது. அலுவலகத்தில் கோப்பு நகர்த்துபவரைப் பற்றி நாம் பேசும் அதே தொனி.

சான்றுகளுக்கு வருவோம். அரசு ஊழியர் என்றால் வருகைப் பதிவேடு இருக்க வேண்டும். மழைக்கு இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் காலை 8:30 மணிக்கு மழைமானியைப் பார்த்து அதற்கு முந்தைய 24 மணி நேரக் கணக்கை எழுதுகிறது. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்திருந்தால்தான் அது மழை நாள். அதற்குக் குறைந்தால், வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன கணக்குத்தான், கையெழுத்து செல்லாது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளி தொடங்குவது ஒன்பது மணியையொட்டி. மழையின் நாளோ எட்டரைக்கே முடிந்து, அடுத்த நாள் தொடங்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை பகல் முழுக்கக் கொட்டிய மழை புதன்கிழமைக் கணக்கில்தான் ஏறும். அதாவது, ஆட்சியரின் நாட்காட்டியும் மழையின் நாட்காட்டியும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. இவர் புதன்கிழமைக்கு விடுமுறை என்றால், அவர் எந்தப் புதன்கிழமையை எடுத்துக்கொள்வார் என்பது விதிகளில் தெளிவுபடுத்தப்படவில்லை. இது போன்ற தெளிவின்மையைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தாத ஊழியர் உண்டா?

பதிவேட்டின் மொத்தக் கூட்டலைப் பார்த்தால் வியப்பு கூடும். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 827 மி.மீ. என்று அரசு ஆவணங்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டின் சராசரி 900 மி.மீ.க்குச் சற்று மேலே. வித்தியாசம் சுமார் நூறுதான். கோயம்புத்தூருக்கு இதைவிடக் குறைவாகத்தான் பெய்கிறது, ஆனால் அங்கே மாறுதல் கேட்டுச் சிபாரிசு பிடிக்கிறார்கள். எப்போதும் நசநசவென்று நனைந்து கிடப்பதாகப் பெயர் வாங்கிய லண்டனுக்கு ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. அந்த நகரத்தை யாரும் தண்ணியில்லாக் காடு என்று சொன்னதில்லை. ஆக, ராமநாதபுரத்தில் மழை வேலை செய்யவில்லை என்று சொல்வது அவதூறு. வேலை அளவில் குறை இல்லை, வேலை செய்யும் முறையில்தான் குறை. லண்டன் மழை தினமும் வந்து, மேசையைத் துடைத்து, நாலு கோப்பு பார்த்துவிட்டுப் போகும் குமாஸ்தா. நம்முடையவர் மாதக்கணக்கில் தலைகாட்டாமல் இருந்து, ஐப்பசி கார்த்திகையில் ஏதோ ஒருநாள் திடுதிப்பென்று வந்து, விட்டுப்போன கையெழுத்து அத்தனையையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டுப் போகிறவர்.

இதற்கு 2024 நவம்பர் 20 ஒன்றே போதும். அன்று ராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பாம்பனில் நண்பகலையொட்டிய மூன்று மணி நேரத்தில் மட்டும் 19 செ.மீ. தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வானிலைத் துறையின் அளவுகோலில் 20.45 செ.மீ. தாண்டினாலே ‘அதி கனமழை’. மாவட்டத்தின் ஓராண்டுச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதிக்கு உரிய வேலையை ஒரு தீவில், ஒரு பகலில் முடித்துவிட்டார் என்று பொருள். அந்தத் தீவில் இறங்கும் தண்ணீரைத் தேக்கக் கண்மாய் கிடையாது, மணல் குடித்தது போக மீதி இருபுறமும் கடல். அதே மாவட்டத்தில் கமுதியும் முதுகுளத்தூரும் சாயல்குடியும் கண்மாய்க் கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பவர் எல்லா மழைமானிகளையும் கூட்டி வகுத்து ‘இயல்பு’ என்று எழுதிவிடுவார். இயல்பிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்புதான் என்பது விதி. ராமேஸ்வரத்தில் கழுத்தளவும் கமுதியில் கணுக்காலளவும் சேர்ந்தால் மாவட்டத்துக்கு இடுப்பளவு, எல்லோரும் திருப்தி.

இனி மையக் கருத்துக்கு வரலாம். மழை விடுமுறை அறிவிப்பு என்பது தமிழ்நாட்டில் ஆட்சியரின் அதிகாரம். முந்தைய நாள் மாலையோ, அதிகாலையிலோ தொலைக்காட்சியின் அடியில் சிவப்பு எழுத்தில் ஓடும். மாவட்டப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரு காலில் காலுறை மாட்டி, மறு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று படித்து ‘ரா’ வரும் வரை காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்தில் அந்தக் கால் நிமிடத்தில் தெரியும் கவனத்தை எந்த ஆசிரியரும் வகுப்பில் கண்டிருக்க மாட்டார். பொறுமையில்லாதவர்கள் ஆட்சியரின் சமூக வலைதளப் பக்கத்திலேயே போய் ‘சார் ப்ளீஸ், எங்க ஊர்ல பயங்கர மழை’ என்று மனுப் போடுகிறார்கள். பெயர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிபன் பாக்ஸில் அடைத்த புளிச்சோறு தட்டுக்குத் திரும்புகிறது. எட்டரை மணிக்கு வெயில் அடிக்கிறது. ஒன்பதுக்கு மைதானம் கிரிக்கெட்டுக்குத் தயார். இதைத் தற்செயல் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அறிவிப்பில் ‘கனமழை காரணமாக விடுமுறை’ என்றுதான் இருக்கிறது. யாருக்கு என்பது அடுத்த வரியில்தான் வருகிறது. முதல் வரியோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அரசு அலுவலகங்களில் அபூர்வமன்று.

2020 டிசம்பரின் புரெவிப் புயல் இவ்வகையில் தலைசிறந்த சான்று. டிசம்பர் 2 இரவு திருகோணமலைப் பக்கம் இலங்கையைத் தொட்டு, மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. டிசம்பர் 4-ஆம் தேதிக்கு ராமநாதபுரம் உள்ளிட்ட ஆறு தென்மாவட்டங்களுக்குத் தமிழக அரசு பொது விடுமுறையே அறிவித்தது. புயல் என்ன செய்தது? ராமநாதபுரம் கரைக்கு அருகில் வந்து நின்றுவிட்டது. ஒரு நாளுக்கு மேல் அசையாமல் நின்று, நின்ற இடத்திலேயே வலுவிழந்தது. விடுமுறை நாளில் அலுவலக வாசல் வரை வந்துவிட்டு, பூட்டியிருப்பதைப் பார்த்துத் தயங்கி நிற்கும் ஊழியரின் நடத்தை இது. மழையே இல்லை என்று சொல்ல வரவில்லை, தென்மாவட்டங்களிலும் பெய்தது. ஆனால் 30 செ.மீ.க்கு மேல் போன பேரளவுகள் கொள்ளிடம், சிதம்பரம் பக்கம்தான் எழுதப்பட்டன. அந்தப் பகுதி ஆறு மாவட்டப் பட்டியலிலேயே இல்லை. விடுமுறை இல்லாத இடத்தைத் தேடிப் போய் வேலை பார்த்திருக்கிறார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. இதில் கூடுதல் நகை ஒன்றும் உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மார்ச்சிலிருந்தே மூடிக் கிடந்தன. மூடிக் கிடந்த பள்ளிக்கு மழை விடுமுறை என்பதைத் தத்துவவாதிகள் கவனத்துக்கு விட்டுவிடுகிறேன்.

வானிலை அறிவியலார் இதை ஏற்க மாட்டார்கள். முன்னறிவிப்பு என்பது வாய்ப்பைச் சொல்வது, வாக்குறுதி தருவதன்று. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவத்தில் வரும் தாழ்வு நிலைகள் பலவும் இலங்கையின் நிலப்பரப்பில் உரசி வலுவிழந்துதான் இந்தக் கரைக்கு வருகின்றன. ஆகவே மழை எங்கே எவ்வளவு என்று சரியாகச் சொல்வது இங்கே கடினம் என்பார்கள். இவை அத்தனையும் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் நம் கோட்பாட்டுக்கு வலுச் சேர்க்கின்றன. மேற்கே ஒரு மேலதிகாரி, கிழக்கே ஒரு மேலதிகாரி, இருவரும் கோப்பைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டால் நடுவில் உள்ள பணியிடத்தில் என்ன நடக்கும்? இன்னொரு மறுப்பும் வரலாம்: பெய்த விடுமுறை நாட்களை மறந்துவிட்டு, பெய்யாதவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்று. நியாயமான மறுப்பு. நனைந்த விடுமுறை யாருக்கும் கதையாவதில்லை, வெயிலடித்த விடுமுறைதான் நகைச்சுவையாகி ஊர் சுற்றுகிறது. சென்னைப் புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016-இல் ஓய்வுபெற்ற எஸ்.ஆர். ரமணன் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரைவிட அறிமுகமானவர். அவர் மழை என்று சொன்னால் வெயில் அடிக்கும் என்று கேலி செய்யாதவர்கள் இல்லை. அவர் சொல்லிப் பெய்த மழைகளின் எண்ணிக்கையை எவரும் கேலிக்காக எண்ணவில்லை. ஆனால் இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டால் போலி ஆய்வுகள் மட்டுமல்லாமல் மெய்யான ஆய்வுகள் பலவற்றையும் மூட்டை கட்ட வேண்டிவரும் என்பதால் மேலே செல்கிறேன்.

மழை ஊழியரல்ல, அதிகாரமே அதனிடம்தான் இருக்கிறது என்பவர்கள் தனுஷ்கோடியைச் சுட்டுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு கடல் எழுந்து ஓர் ஊரையும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் அதில் இருந்தவர்களையும் கொண்டுபோயிற்று. அது கேலியின் எல்லைக்கு வெளியே இருப்பது, வெளியிலேயே இருக்கட்டும். அந்த இரவை மனத்தில் வைத்துப் பார்த்தால், காரணமில்லாமல் விடுமுறை விட்ட ஆட்சியர்மேல் யாருக்கும் கோபம் வராது. இந்தக் கரையில் எச்சரிக்கை என்பது பழைய துறை. பாம்பன் துறைமுக அலுவலகக் கம்பத்தில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகள் ஏறும், இரவில் அவற்றின் இடத்தில் விளக்குகள். ஒன்று முதல் பதினொன்று வரை எண். பதினோராம் எண்ணுக்குப் பொருள், எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறி ரயிலுக்கு விடுமுறை அளித்துவந்தது. ஆட்சியர் தேவைப்படவில்லை. பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பதும் படகுக்காரருக்குக் கிடைப்பதும் ஒரே விடுமுறையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கடலில் காற்று என்றால் மீன்வளத் துறை டோக்கன் தராது. டோக்கன் இல்லையென்றால் விசைப்படகு கடலுக்குப் போகாது. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வேறு தனியே இருக்கிறது. காற்றடித்து மழை பெய்யாத நாளில் பிள்ளைக்கு மட்டையும் பந்தும், அப்பாவுக்குக் கரையில் வலை பொத்தல் அடைக்கும் வேலையும். ஊதியத்துடன் கூடிய விடுப்பு, ஊதியமில்லா விடுப்பு என்று பணிவிதிகள் பிரித்திருப்பதன் நியாயம் இந்த வீட்டில் தெளிவாகத் தெரியும்.

மழை இப்படித் தாறுமாறாக நடந்துகொள்வதற்கு நாமும் ஒரு காரணம். அதனிடம் போகும் மனுக்களைப் பாருங்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு, விதை எறும்புக்குப் போகுமுன் ஒரு மழை வேண்டும் என்று திருவாடானை வட்டாரம் கேட்கிறது. வாலிநோக்கத்தில் உப்புப் பாத்தி கட்டியிருப்பவர், பூத்து வரும் உப்பு ஒரு தூறலில் கரைந்துவிடும் என்பதால், தயவுசெய்து வேண்டாம் என்கிறார். மாசி பங்குனியில் குண்டு மிளகாயைப் பறித்துக் களத்தில் காயப் போட்டிருப்பவர் வானத்தில் ஒரு மேகம் ஒதுங்கினாலே தார்ப்பாயோடு ஓடுகிறார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாயின் நிறமும் காரமும் வெயிலின் கொடை. கருவாடு காயவைப்பவரும் அவர் கட்சிதான். கமுதிக்கு அருகில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்று வந்தது. வெயிலின் ஒழுங்கான வருகையை நம்பி முதல் போட ஆள் கிடைத்தது, மழையின் வருகையை நம்பி இந்த மாவட்டத்தில் யாரும் அவ்வளவு பணம் போட்டதாகத் தெரியவில்லை. இப்படி ஒரே குடும்பத்திலேயே அண்ணன் வேண்டும் என்றும் தம்பி வேண்டாம் என்றும் மனுக் கொடுத்தால், அலுவலர் இரண்டு மனுவையும் ஒரே நூலில் கட்டி மேலே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். உப்பு விற்கப் போனால் மழை என்ற பழமொழியை மற்ற ஊர்க்காரர்கள் உவமையாகச் சொல்லலாம், வாலிநோக்கத்தில் அது தொழில் அறிக்கை.

ஊழியரை ஒழுங்குக்குக் கொண்டுவர எடுத்த முயற்சிகளுக்கும் வரலாறு உண்டு. வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து ஒப்பாரி வைப்பது பழைய முறை. ஊர்ப் பெண்கள் வீடுவீடாகக் கஞ்சி வாங்கி மழைச்சோறு எடுப்பது இன்னொன்று. கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பதும் உண்டு. அந்தக் கழுதைகள் அரிசி தின்றனவா என்று முன்கூட்டியே விசாரிக்காததால் இம்முறையின் பலன் உறுதியாகவில்லை. 2019 கோடையில் இந்து சமய அறநிலையத் துறை கோயில்களில் மழை வேண்டி வருண ஜபம் நடத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு துறை இன்னொரு ஊழியருக்கு முறைப்படி எழுதிய நினைவூட்டல் கடிதம் என்ற வகையில் அது நம் கோட்பாட்டை அரசே ஏற்றுக்கொண்டதற்குச் சமம். ஜப்பானியப் பிள்ளைகள் இதில் நேரெதிர். மறுநாள் மழை வேண்டாம் என்று வெள்ளைத் துணியில் ‘தெரு தெரு போசு’ என்ற பொம்மை செய்து சன்னலில் தொங்கவிடுவார்கள். நம் பிள்ளைகள் கையில் அது கிடைத்தால் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். அமெரிக்காவில் இதை ஒப்பந்தப் பணியாகவே விட்டுப் பார்த்தார்கள். சான் டியேகோ நகரம் வறட்சியால் வாடியபோது, சார்லஸ் ஹாட்ஃபீல்ட் என்ற மழை வரவழைப்பாளர் 10,000 டாலருக்கு மொரேனா அணையை நிரப்பித் தருவதாகச் சொன்னார். 1916 ஜனவரியில் அணை நிரம்பியது மட்டுமன்றி ஊரும் மூழ்கியது, வேறோர் அணை உடைந்தது. கூலி கேட்டுப் போனவரிடம், சேதத்துக்கான பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால் தருகிறோம் என்றது நகராட்சி. கடைசிவரை காசு பெயரவில்லை. வந்தாலும் ஏச்சு, வராவிட்டாலும் ஏச்சு, சம்பளமும் இல்லை என்றால் எந்த ஊழியர் மனம் வைத்து வேலை செய்வார்?

ஒழுங்கு நடவடிக்கைக்கும் வழியில்லை. நம் நிர்வாகம் அறிந்த உச்சபட்சத் தண்டனை ராமநாதபுரத்துக்கு மாற்றுவதுதான். ஏற்கெனவே அங்கே இருப்பவரை எங்கே மாற்றுவது? மழை வேண்டுமென்றால் விடுமுறை அறிவிப்பதை நிறுத்திவிட்டு, அதே நாளில் மாவட்ட விளையாட்டு விழாவையும் அமைச்சர் கலந்துகொள்ளும் திறந்தவெளிக் கூட்டத்தையும் வைக்க வேண்டும் என்று ஒரு சாரார் யோசனை சொல்கிறார்கள். கொள்கையளவில் சரி. ஆனால் மழைக்காகத்தான் விழா வைக்கிறோம் என்பது எப்படியோ அதன் காதுக்குப் போய்விடுகிறது. மாணவர் தரப்பின் மறுப்பு இன்னும் வலுவானது. விடுமுறையை நிறுத்தினால் மழை வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, விடுமுறை போய்விடும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் உண்டு என்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல இயலவில்லை.

பழைய ஆட்கள் இந்த ஊழியரின் குணத்தை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் ஒழுங்காக வரச் சொல்லிக் கெஞ்சவில்லை. என்றைக்கு வந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்கள், அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் வரத்துக் கால்கள், குடிக்கத் தனியே ஊருணிகள். மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய் பெருகும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் பாண்டியர் காலத்தது என்பார்கள். வைகை போன்ற ஓர் ஆற்றையே கடலுக்கு விடாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் கொண்டுவந்து முடித்தார்கள், மிஞ்சியதுதான் ஆற்றங்கரைப் பக்கம் கடலுக்குப் போகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மலைக்கு அப்பால் வீணாகும் பெரியாற்று நீரை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று ஆராயப் போனார். பக்கத்து மாநில மழையை அயல்பணியில் அழைத்துவரும் முயற்சி. பணம் இல்லாமல் நின்றது. நூறாண்டு கழித்து 1895-இல் பொறியாளர் பென்னிகுக் பெரியாற்று அணையைக் கட்டி முடித்தபோது தண்ணீர் வந்தது, ராமநாதபுரத்துக்குக் கடைமடையாக. இன்று வரத்துக் கால்களில் வீடுகளும் கண்மாய் வயிற்றில் சீமைக் கருவேலமும் நிற்கின்றன. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை வெட்டச் சொன்னது, அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒருநாள் மட்டும் வரும் ஊழியருக்கு உட்கார நாற்காலி இல்லையென்றால் அவர் கடல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவார். குடம் ஏழெட்டு அடுக்கக்கூடிய தள்ளுவண்டியைத் தெருமுனைக் குழாய்க்கு உருட்டிப் போகும் பெண்கள், அவர் போன வாரம்தான் முழங்காலளவுக்கு வந்துவிட்டுப் போனார் என்பதை மறந்திருக்க மாட்டார்கள்.

கோட்பாட்டுக்கு எதிராக ஒரே ஒரு வலுவான கேள்வி மிஞ்சுகிறது: மழை உண்மையிலேயே அரசு விதிகளைப் பின்பற்றுகிறது என்றால், விடுமுறையால் இழந்த வேலை நாட்களை ஈடுகட்ட வேண்டும் என்ற விதியையும் பின்பற்ற வேண்டுமே? மழை விடுமுறைக்குப் பதிலாகச் சனிக்கிழமை பள்ளி வைப்பது வழக்கம். அந்தச் சனிக்கிழமைகளை மாணவர் உலகம் நேசித்ததாகச் செய்தி இல்லை. மழை ஈடுகட்டியிருக்கிறதா? கட்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் கரைவரை வந்து நின்றுவிட்டுப் போனது என்று பார்த்தோம் அல்லவா? 2021 ஜனவரியில் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் வழக்கமாக ஒன்றரை சென்டிமீட்டர்கூடத் தேறாத அந்த மாதத்தில் பல மடங்கு பெய்து தள்ளியது. பொங்கலுக்கு அறுப்பு என்று இருந்த நெல் சாய்ந்து கதிரிலேயே முளைத்தது, மிளகாய்ச் செடி அழுகியது. கடமையுணர்ச்சிக்கு இதைவிடச் சான்று கேட்க முடியாது. பாக்கி வேலையை நாள் தவறி, ஆள் வேண்டாம் என்று கும்பிட்ட நேரத்தில், விடாமல் வந்து முடித்துக் கொடுத்திருக்கிறது. 2016 வடகிழக்குப் பருவத்தில் 62 சதவீதம் மழை குறைந்து, 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டபோது, விளைச்சல் இல்லாத வயல்களைக் கணக்கெடுத்த கிராம நிர்வாக அலுவலர்கள் நான்காண்டு கழித்து அதே ஜனவரியில் அதே வயல்களுக்கு வெள்ளச் சேதம் கணக்கெடுக்கப் போனார்கள். சர்வே எண் மாறவில்லை, பட்டாதாரர் பெயர் மாறவில்லை, பயிர் நெல், பாதிப்பு முழுச் சாவி. காரணம் என்ற கட்டத்தில் மட்டும் முன்பு எழுதிய ‘மழை இல்லை’யில் பாதியை அடித்துவிட்டால் போதுமானதாக இருந்திருக்கும்.